இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக் ஷூ

இது போடிக்கு ரயில் திரும்ப வந்த வருஷம் நடந்ததா, அதற்கு அடுத்த வருஷமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆவணி மாதம் என்று நினைவு. மலையில் மழை இருந்ததா என்று கேட்டால், இருந்தது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. பாண்டித்துரையிடமே கேட்டுச் சரிபார்க்கலாம்தான். ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அதனால் அவன் தானாகச் சொன்னது பாதி, ஜீப்பில் இருந்தவர்கள் சொல்லிச் சிரித்தது பாதி என்று சேர்த்துச் சொல்கிறேன். எங்காவது தப்பிருந்தால் அது அவனுக்குச் சாதகமான தப்பாகத்தான் இருக்கும். அவனை எனக்குப் பிடிக்கும்.

பாண்டித்துரைக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் சாம்பிள் எடுக்கிற ஆள். போடிமெட்டுக்கு மேலே சரிவுகளில் இருக்கும் சின்னச் சின்னத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அங்கே அடுக்கியிருக்கும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி காய் அள்ளி, சின்ன பாலிதீன் கவரில் போட்டு, தோட்டக்காரர் பேரை எழுதிக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த ஒரு பிடியைப் பார்த்துத்தான் மொத்தச் சரக்குக்கும் விலை பேசுவார்கள். மற்ற சாம்பிள் ஆட்கள் நாலு மூட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பாண்டித்துரை ஒரு மூட்டையில், முழங்கை மறைகிற ஆழத்துக்குக் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரே ஒரு பிடி அள்ளுவான். மூட்டையின் வாயில் கிடப்பது முகத்துக்குப் போட்ட பவுடர் என்பது அவன் கட்சி. ‘துரை ஒரு கை அள்ளினா போதும்’ என்று மண்டியில் பேர் வாங்கியிருந்தான். அந்தப் பெருமையை அவன் வெளியில் காட்டிக்கொண்டதில்லை. காட்டிக்கொள்ளாமல் இருக்கிறோம் என்பதில் தனியாக ஒரு பெருமை வைத்திருந்தான்.

அவனுடைய இடது கால் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பியது. முதல் ஒன்பது வருஷம் எஸ்டேட் ஆட்கள் போகிற ஜீப்பில்தான் மலைக்குப் போய் வந்தான். அதில் ஏற யாராவது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்குகிறவர்கள் அன்பாகத்தான் தூக்குவார்கள். அந்த அன்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி மூன்று சக்கர வண்டியாக மாற்றிக்கொண்டான். முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதியில் ஓர் அச்சு, இரண்டு சக்கரம், மேலே சாம்பிள் வைக்க ஒரு தகரப் பெட்டி. கியர் மாற்ற இடது கைக்கு ஒரு கம்பி. வலது காலுக்கு பிரேக். அந்த வண்டி வந்த நாளிலிருந்து அவனை யாரும் தூக்கவில்லை.

அன்று புதன்கிழமை. சாம்பிள் எடுத்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டி வருவது அவன் வழக்கம். பெட்ரோல் மிச்சம் என்று வீட்டில் சொல்லியிருந்தான். உண்மையில் அந்தச் சத்தமில்லாமைக்காகத்தான். முந்தின நாள் படித்த புத்தகத்தில் ஒரு வரி முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. அதை எழுதியவருக்கு மனசுக்குள்ளேயே மறுப்பு எழுதிக்கொண்டு வந்தான். பத்தாவது கொண்டை ஊசி வளைவோ பதினொன்றாவதோ, பிரேக்கை மிதித்தான். பின்னால் ‘கறக்’ என்று ஒரு சத்தம். மிதிகட்டை தொளதொளவென்று கீழே போய்விட்டது.

முன் பிரேக்கைப் பிடித்தான். ரோடு ஈரம், சக்கரம் வழுக்கியது. வேறு வழியில்லாமல் மலைப்பக்கமாகத் திருப்பி ஓடையில் இறக்கினான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பாறையில் பெட்டியை உரசிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் கடவுள் ஞாபகம் வரவில்லை, பெண்டாட்டி ஞாபகமும் வரவில்லை. மறுப்பின் அடுத்த வரிதான் வந்தது என்று அவனே பின்னால் ஒத்துக்கொண்டான். அந்த வரியும் ஒன்றும் பிரமாதமாக இல்லையாம்.

பின்னாலேயே சின்ராசுவின் ஜீப் வந்து நின்றது. ஜீப் நிறைய ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள். முன்சீட்டிலிருந்து சோலையம்மாள் தலையை நீட்டினாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“என்னண்ணே, வண்டிக்குத் தண்ணி காட்டுறீகளா?”

“பிரேக் போயிருச்சு.”

“எங்க போச்சு? மேல இருந்து வரும்போது உங்க கூடத்தான இருந்துச்சு?”

ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். டிரைவர் சின்ராசு இறங்கி வந்து பார்த்தான். “அண்ணே, வண்டிய இங்க ஓரங்கட்டிட்டு ஜீப்புல ஏறுங்க. நாளைக்கு ஆள் கூட்டியாந்து எடுத்துக்கலாம். வாங்க, நான் தூக்கிவிடுறேன்.”

கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் பாண்டித்துரை ஏறியிருக்கக்கூடும்.

“வண்டிய விட்டுட்டு வரமாட்டேன்” என்றான்.

“அப்ப என்ன செய்யப் போறீக? இங்கயே குடியிருப்பீகளா?”

பாண்டித்துரை யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். பெண்களுக்கு வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும். சோலையம்மாளே முடிவு சொன்னாள். “ஏப்பா சின்ராசு, மாட்ட இறக்கத்துல பிடிச்சுட்டுப் போற மாதிரி பின்னால கவுத்தப் போட்டுக் கட்டு. அண்ணன் முன்னால போகட்டும். நாம பின்னால பிடிச்சுக்கிருவோம்.”

எல்லோருமாக வண்டியை ஓடையிலிருந்து ரோட்டுக்கு ஏற்றினார்கள். அப்படித்தான் இறங்கினார்கள். அவன் வண்டியின் பின்னால் லோடு கட்டுகிற கயிறு. கயிற்றின் மறுமுனை ஜீப்பின் முன்கம்பியில். ஜீப் மெதுவாக வர, முன்னால் மூக்கணாங்கயிறு மாறிப் போன காளை மாதிரி பாண்டித்துரை. ஒவ்வொரு வளைவிலும் உள்ளேயிருந்து உத்தரவு வந்தது. “விடு, விடு! இழு, இழு! திமிறுதுடி!” எதிரில் வந்த கேரளா பஸ்சு நின்று வழிவிட்டது. மலையடிவாரத்தில் முந்தல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எல்லோரையும் போலத் தானும் ஒரு பார்வையாளன் என்ற முகத்தை வைத்துக்கொண்டான் பாண்டித்துரை. கயிறு யார் வண்டியில் கட்டியிருக்கிறது என்பது தெரிந்ததால் அது எடுபடவில்லை.

மறுநாள் காலையில் மண்டி முதலாளி கார்முகில் கூப்பிட்டான். அப்பா போன பிறகு கடையைப் பார்க்கிற முப்பது வயதுப் பையன், மரியாதை தெரிந்தவன். பாண்டித்துரை போவதற்கு முன்னாலேயே செய்தி வந்திருந்தது.

“அண்ணே, மேல காய் எடுத்து முடியுற நேரம். திங்கக்கிழம நாம போகலேன்னா வேற மண்டிக்காரன் சாம்பிளத் தூக்கிருவான். நீங்க கஷ்டப்படாதீக. கீழ உக்காந்து கவருக்குப் பேர் எழுதுங்க. நம்ம வினோத்குமார் ஸ்கூட்டர்ல போயிட்டு வரட்டும்.”

“இந்த ஒரு தடவைக்கா?”

“போகப் போகப் பாப்போம்ணே.”

அதற்கு அர்த்தம் பாண்டித்துரைக்குத் தெரியும். போனது போனதுதான். பதினைந்து வருஷமாக அவனுடையதாக இருந்த ரவுண்டு அது. எந்த ஸ்டோர்க்காரன் பழைய காயை அடியில் போடுவான், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவன் அள்ளிவந்த காய்க்குப் பேர் எழுதுவதை நினைத்துப் பார்த்தான்.

“திங்கக்கிழம நானே போறேன்” என்றான்.

“பிரேக்கு?”

“அதுக்குள்ள ஆயிரும்.”

வீட்டில் அன்னக்கொடி இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டே சுலபமாக ஒரு வழி சொன்னாள். அவள் காய் பொறுக்குகிற கிட்டங்கிக்கு வேலைக்குப் போகிறவள், நேரத்தை வீணாக்க மாட்டாள். “மொக்கச்சாமி அண்ணன்கிட்ட காட்டுங்க. வண்டி செஞ்சது அவுகதான?”

பாண்டித்துரை ஸ்பேனரைத் தேடப் போனான்.

மொக்கச்சாமியின் வெல்டிங் பட்டறை மூன்று தெரு தள்ளித்தான். அவனும் இவனும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. சண்டை என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. வண்டியை முடித்துக் கொடுத்த அன்று, பின்பக்கப் பெட்டியில் மஞ்சள் எழுத்தில் தன்னம்பிக்கையைப் பற்றி இரண்டு வரி எழுதி, பக்கத்தில் சிறகு விரித்த கழுகு ஒன்றும் வரைந்து வைத்திருந்தான் மொக்கச்சாமி. கழுகுக்குக் கால் மட்டும் கோழிக்கால். பாண்டித்துரை பணத்தைக் கொடுத்தான், வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான், மறுநாள் காலையில் ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட் வாங்கி எல்லாவற்றையும் அழித்தான். பிறர் பார்த்துத் தைரியம் பெறுவதற்காக அவன் வண்டி ஓட்டவில்லை. இதை மொக்கச்சாமியிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பொருத்தமான வார்த்தைகளை யோசித்துக்கொண்டிருந்தான். யோசித்து முடிப்பதற்குள் மொக்கச்சாமி கறுத்துப்போன பெட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் இருவருக்கும் அது வழக்கமாகிவிட்டது.

“இருநூறு கெஜத்துல ஆள வச்சுக்கிட்டு எங்க போயித் தேடப் போறீக?” என்றாள் அன்னக்கொடி.

எங்கெங்கோ போய்த் தேடினான்.

முதலில் வாசலில் வண்டியைச் சாய்த்து இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பிரேக் ஷூ, பிறை நிலா மாதிரி இரண்டு துண்டு, ஒன்று முனையில் ஒடிந்திருந்தது. லைனிங் சுத்தமாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. எடுத்துத் துடைத்து, கையில் கிடைத்த சாம்பிள் கவரில் போட்டான். பழக்க தோஷத்தில் கவர் மேல் ‘பாண்டித்துரை, போடி’ என்று எழுதினான். வலது சக்கரத்தைக் கழற்றவில்லை. எதற்குக் கழற்ற வேண்டும்? ஒரு கை அள்ளினால் போதும்.

வியாழக்கிழமை போடியில் நாலு கடை. எல்லாக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“என்ன வண்டி?”

“மூணு சக்கர வண்டி.”

“ஆட்டோவா?”

“இல்ல. முன்னால மோட்டார் சைக்கிள்.”

“அப்ப பின்னால?”

அதுதான் அவனுக்குத் தெரியாது. ஆறு வருஷமாக அதன் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறான். பின்பாதி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. புத்தகம் வாங்கினால் எத்தனையாவது பதிப்பு என்று பார்க்கிறவன்.

“சொந்த வண்டிதானண்ணே?” என்று ஒரு கடைப்பையன் சந்தேகமாகக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை தேனிக்குப் பஸ்சில் போனான். படிக்கட்டில் கண்டக்டர் கை கொடுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். தேனிக் கடைக்காரர் இருநூறு ஷூவை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்று கால் விரல்கடை பெரிசு, ஒன்று சிறிசு. “ஆர்.சி புக்குல என்ன போட்டிருக்கு சார்?” என்றார். ஆர்.சி புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் என்றுதான் போட்டிருந்தது. பின்பாதியைப் பற்றி அரசாங்கத்துக்கும் அவனைப் போலவே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மதுரை. பழைய உதிரி பாகம் விற்கிற சந்தில் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். குவிந்து கிடந்த இரும்புக்கு நடுவில் ஸ்டூல் போட்டு அமுதவள்ளி என்கிற பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடை அவளுடையது. இடது கையால் கவரை வாங்கி, பிரித்து, முதலில் மோந்து பார்த்தாள்.

“என்ன சார், பாயசத்துல போடுறதா?”

“ஏலக்கா கவரு.”

“பாண்டித்துரை, போடி” என்று படித்தாள். “பிரேக்குக்குப் பேரெல்லாம் வச்சிருக்கீங்க.” ஷூவை ஒரு தடவை திருப்பினாள். “இது பழைய லோடு ஆட்டோவுது. இப்ப அந்த வண்டியே வர்றதில்ல. இருக்கு, சாப்பிட்டு எடுத்துத் தர்றேன். ஒரு ஜோடியா?”

“ரெண்டு ஜோடி. ரெண்டு சக்கரம்.”

“அந்தப் பக்கமும் இதேதானா? கழட்டிப் பாத்தீங்களா? மாத்திச் செஞ்ச வண்டியில எதையும் நம்பக் கூடாது.”

“ஒரு பக்கம் பாத்தாப் போதும்” என்றான் பாண்டித்துரை, மண்டியில் பேசுகிற அதே குரலில்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ரசத்துக்குப் போனாள். இரண்டு ஜோடியையும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரை தூங்காமல் வந்தான். மூன்று நாளில், யாரையும் கேட்காமல், தானே கண்டுபிடித்துவிட்டோம் என்று உசிலம்பட்டி தாண்டும்போது மனசுக்குள் ஒரு சின்னப் பாராட்டு விழா நடந்தது. தலைமையுரையும் நன்றியுரையும் அவனே.

ஞாயிற்றுக்கிழமை காலை இடது பக்கம் மாட்டினான். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அன்னக்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் குனிந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

பிறகு வலது சக்கரத்தைக் கழற்றினான்.

உள்ளே ஷூ உட்காருகிற டிரம் பெரியது. மதுரை ஷூவை வைத்தால், பெரிய பானைக்குள் டம்ளரைப் போட்ட மாதிரி உருண்டது. அதுவாவது போகட்டும். அந்தப் பக்கம் ஏற்கெனவே இருந்த ஷூ புத்தம்புதிது மாதிரி இருந்தது. லைனிங் தடியாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

பாண்டித்துரை வாசல்படியில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அன்னக்கொடி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, காபியை வைத்துவிட்டுப் போனாள். இடதும் வலதும் வேறு வேறு என்றால் அவன் அள்ளிய ஒரு பிடி எதற்கும் ஆகாது. அதை ஒத்துக்கொள்வது சுலபமாக இல்லை. அப்போதுதான் இன்னொரு எண்ணம் கைகொடுத்தது. வலது பக்கம் ஆறு வருஷமாகத் தேயவே இல்லை. இடது பக்கம் தேய்ந்து ஒடிந்தேவிட்டது. அப்படியென்றால் வலதில் போட்டது முதல் தரம், இடதில் போட்டது கழிவு. கலப்படம்! மேலே பச்சை மாறாத காயைப் பரப்பி அடியில் பழைய காயை வைக்கிற ஸ்டோர்க்காரன் வேலை. மொக்கச்சாமி அவனை ஏமாற்றியிருக்கிறான்.

அந்தக் கோபம் பெரிய ஆறுதலாக இருந்தது. தப்புத் தன்னுடையது இல்லை என்றதும் ஒரு கப் காபியையும் குடித்து முடித்தான்.

வலது பக்கம் பழையதையே திரும்ப மாட்டி, தெருவில் ஓட்டிப் பார்த்தான். பிரேக்கை மிதித்ததும் புது ஷூ இறுக்கிப் பிடித்து, வண்டி சட்டென்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டில் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி நின்றது.

“அன்னைக்கு ஓட, இன்னைக்கு மணலு” என்றாள் அன்னக்கொடி வாசலில் நின்று. “நாளைக்கு மலை மேல எதுலங்க ஏத்தப் போறீக? விழுந்து தொலைஞ்சா நான் எந்தக் கடையில போயி உங்களுக்கு ஸ்பேரு வாங்குறது?”

குரல் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. பாண்டித்துரை வண்டியை மணலிலிருந்து இறக்கி, முதல் கியரிலேயே மூன்று தெருவையும் கடந்தான்.

மொக்கச்சாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கேட்டுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தான். வண்டி வந்து நின்றதைப் பார்த்தான். பார்த்தும் வெல்டு வைத்தான். பாண்டித்துரையும் வண்டியில் உட்கார்ந்தே இருந்தான். யார் முதலில் பேசுவது என்பதில் இருவருக்கும் ஆறு வருஷப் பயிற்சி இருந்தது. கேட்டின் ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தில் தேவையே இல்லாத இடத்திலும் மொக்கச்சாமி இரண்டு வெல்டு வைத்தான். கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தெரியாத ஆளிடம் கேட்பது போலக் கேட்டான்.

“என்ன வண்டி?”

மூன்று நாளாக அந்தக் கேள்விக்குப் பாண்டித்துரை சொல்லிப் பார்க்காத பதில் இல்லை.

“நீ செஞ்ச வண்டி” என்றான்.

“ஓ. எனக்கு அடையாளம் தெரியலப்பா. நான் செஞ்சதுல கழுகு இருக்கும்.”

பாண்டித்துரை அதைக் காதில் வாங்காமல், வழியில் தயார்செய்த குற்றச்சாட்டை ஆரம்பித்தான். வலது பக்கம் ஒரு அளவு, இடது பக்கம் ஒரு அளவு. வலதில் நல்ல சரக்கு, இடதில் மட்டச் சரக்கு. “இதெல்லாம் நான் மூட்டையில நெறயாப் பாத்திருக்கேன். கலந்து கட்டிருக்கே” என்று முடித்தான். நன்றாகத்தான் வந்தது.

மொக்கச்சாமி கோபப்படவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்தான். “இறங்கி வா. வலது சக்கரத்துக்கு உள்பக்கமா கைய விடு. உனக்குத்தான் கைய விட்டா எல்லாம் தெரியுமே.”

பாண்டித்துரை தரையில் உட்கார்ந்து கையை விட்டான். பிரேக் கம்பி போய்ச் சேருகிற இடத்தில், அசைய வேண்டிய முட்டின் மேல், மெழுகு ஒழுகி உறைந்த மாதிரி கெட்டியாக ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டிக் கையை வெளியே எடுத்தான்.

“என்ன கலரு?” என்றான் மொக்கச்சாமி.

“கறுப்பு.”

“நான் கறுப்பே அடிக்கலையே.”

பாண்டித்துரை விரல்நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டப்பாவோட ஊத்திருக்கே. ஒழுகி உள்ள எறங்கி முட்டு பிடிச்சுக்கிருச்சு. அதுக்கு மேல துரு. அந்தப் பக்கம் பிரேக்கு அன்னையில இருந்து சோலியே பாக்கல. அப்புறம் எப்படித் தேயும்? இடது ஒத்தையில கிடந்து இழுத்திருக்கு, பாவம். அது நல்ல சரக்கு. ஆறு வருசம் தாங்கிருக்கே.”

“அளவு ஏன் வேற வேற?”

“எனக்கு அன்னைக்கு அந்த ஒரு டிரம்முதான் கெடச்சுச்சு. அதுக்குத் தக்கன இந்தப் பக்கம் கம்பியக் குட்டையா வச்சேன். ரெண்டும் ஒண்ணாத்தான் பிடிச்சுச்சு, நீ பெயிண்டு அடிக்கிற வரைக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “மிதிச்சா இடது பக்கம் இழுக்கலையா வண்டி?” என்றான்.

“இழுத்துச்சு.”

“அப்ப கேட்டிருக்கலாம்ல, ஏன் இழுக்குதுன்னு?”

பட்டறைக்கு வெளியே ஒரு லோடு வண்டி ரிவர்ஸ் எடுத்து, திரும்பி, போய்விட்டது.

“நான்தான் அந்தப் பக்கம் சாயுறேன்னு நெனச்சேன்” என்றான் பாண்டித்துரை. “கால்னால.”

மொக்கச்சாமி அவனைப் பார்க்காமல் மண்ணெண்ணெய் டப்பாவை எடுக்கப் போனான். திரும்பி வந்து, பழைய துணியை நனைத்து முட்டில் சுற்றினான்.

“உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டான் பாண்டித்துரை.

“தெனம் கடைக்கு முன்னாடிதான போற. கம்பி அசையாதது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் சொல்லல.”

“நீ கேட்டியா?”

“விழுந்து செத்திருந்தா?”

“அதான் சாயங்காலம் வாசல்ல நின்னு பாப்பேன், எறங்கி வர்றியான்னு. வந்துக்கிட்டே இருந்த. நான் என்ன செய்ய?” துணியை இறுக்கினான். “அந்தக் கழுகு என் மச்சினன் ரெண்டு நாள் உக்காந்து வரஞ்சது. பிடிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே தொடச்சு விட்டிருப்பேன்.”

“கோழிக்கால் இருந்துச்சு.”

மொக்கச்சாமி தலையை நிமிர்த்தினான். சண்டை திரும்ப ஆரம்பிக்கப் போகிறது என்றுதான் பாண்டித்துரை நினைத்தான்.

“ஆமா” என்றான் மொக்கச்சாமி. “கோழிக்கால்தான். நானும் அவன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்.”

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமலிருக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

பெயிண்டைச் சுரண்டி, துருவைத் தட்டி, கிரீஸ் வைத்து, இரண்டு கம்பியையும் ஒப்பாக முடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. புது ஷூ எங்கே கிடைத்தது என்று மொக்கச்சாமி கேட்டான். மதுரையில் என்றதும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். அதே ஷூ, நாலு ஜோடி. அதே அச்சில் இன்னும் இரண்டு பேருக்கு வண்டி செய்து கொடுத்திருக்கிறானாம். “மதுரைக்கா போன?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். “பஸ்சுலயா?”

திங்கட்கிழமை காலை பாண்டித்துரை மேலே போனான். ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. பிரேக் வேண்டியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் வண்டி நேராக நின்றது. அவன் கைதான் ஆறு வருஷப் பழக்கத்தில் ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் இழுக்கும் என்று எதிர்பார்த்து, இழுக்காததால் இரண்டு தடவை எதிர்ப்பக்கத்து மைல்கல்லைத் தொடப் பார்த்தான். மூன்றாவது வளைவில்தான் கை விஷயத்தைப் புரிந்துகொண்டது.

முதல் ஸ்டோர் ஒச்சப்பனுடையது. மலையேறி முப்பது வருஷமானதில் பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்ட மனுஷர். பன்னிரண்டு மூட்டை அடுக்கியிருந்தார். பாண்டித்துரை ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். அடுத்த மூட்டையையும் பார்க்கலாமா என்று ஒரு கணம் கை நீண்டது.

“என்ன துரை, ஒரு கை மதியில்லையோ இப்போ?” என்றார் ஒச்சப்பன்.

“போதும், போதும்” என்று கையை இழுத்துக்கொண்டான். புத்தி வருவதற்கும் ஒரு மரியாதை வேண்டியிருக்கிறது. ஆள் பார்க்கும்போது அது வராது. ஒச்சப்பன் டீ எடுத்துவர உள்ளே போனதும், எழுந்துபோய் இன்னும் இரண்டு மூட்டையில் கையை விட்டுப் பார்த்தான்.

இறங்கும்போது இன்ஜினை அணைக்கவில்லை. பதினேழு வளைவும் சத்தத்தோடு இறங்கி, மூன்றரை மணிக்கெல்லாம் மண்டி மேசையில் முப்பத்தொரு கவரை வைத்தான். கார்முகில் எண்ணிப் பார்த்துவிட்டு, “சரிண்ணே, வெள்ளிக்கிழமையும் நீங்களே போயிட்டு வந்திருங்க” என்றான்.

ரவுண்டு பாண்டித்துரையிடமே இருக்கிறது. வாரம் இரண்டு நாள் மேலே போகிறான். வினோத்குமாருக்கு வேறு பக்கத்துத் தோட்டங்களைக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். சின்ராசு ஜீப்பை விற்றுவிட்டு வேன் ஓட்டுகிறான். சோலையம்மாளுக்கு முழங்கால் வலி, தோட்ட வேலையை நிறுத்திவிட்டு மகளோடு நெடுங்கண்டத்தில் இருக்கிறாள். அன்னக்கொடி அதே கிட்டங்கியில் காய் பொறுக்குகிறாள். அமுதவள்ளியை அதற்குப் பிறகு பாண்டித்துரை பார்க்கவில்லை. மொக்கச்சாமிக்குப் போன வருஷம் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இப்போது வெல்டிங்கை மச்சினன் பார்க்கிறான், மொக்கச்சாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். சில நாள் சாயங்காலம் பாண்டித்துரை அங்கே வண்டியை நிறுத்துகிறான். இருவரும் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது.